மோட்டாருக்குக் காவல் இருந்தவள்

இப்படிக் கிட்ட நகர்ந்து உட்காருங்க, அம்மிணி. இந்த வண்டி போடுகிற சத்தத்தில் நான் சொல்வது பாதிதான் உங்களுக்குக் கேட்கும். பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ளுங்க. ஆங், இப்போ சரி. தாராபுரம் போய்ச் சேர இன்னும் நேரம் கிடக்கிறது.

உங்கள் மருமகளும் வேலைக்குப் போய்க்கொண்டே மேலே படிக்கணும் என்கிறாள், வீடு என்ன ஆகும் என்று கேட்டீங்களே, கேட்க வேண்டிய ஆளிடம்தான் கேட்டிருக்கீங்க. என் மருமகள் கோகிலவாணி போன மாசம் டாக்டர் பட்டம் வாங்கினாள். மோட்டார் ஆராய்ச்சியில். பம்ப் கம்பெனி வேலையையும் விடாமல், அடுப்படியையும் விடாமல் வாங்கினாள். அந்தப் பட்டத்தில் பாதி என்னுடையது. சிரிக்காதீங்க. பாதி என்று நான் சொல்வதே அடக்கத்துக்குத்தான். என் ஓரகத்தி பழனாத்தாள் ஊரெல்லாம் வேறு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறாள். அவளை நம்பாதீங்க. என்ன நடந்தது என்று நான் சொல்கிறேன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்க.

கேட்கிறதா அந்தச் சத்தம்? டக்கு, டக்கு, டக்கு. பின்சக்கரத்தில் பேரிங்கு போய்விட்டது. எனக்குக் கேட்கும். ஏன் கேட்கும் என்று கதையிலேயே வரும்.

வாணி எங்கள் வீட்டுக்கு வரும்போதே இஞ்சினியர்தான். கணபதி என்கிற ஊரில் ஒரு பம்ப் கம்பெனியில் மோட்டார் டிசைன் செய்கிற வேலை. பேத்தி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு ஒருநாள் வந்து சொன்னாள், "அத்தை, பார்ட் டைமா டாக்டரேட் பண்ணலாம்னு இருக்கேனுங்க." தோட்டத்தில் ஓடுகிற மோட்டார் திடீரென்று நின்று போனால் பயிர் காய்ந்து போகுமில்லையா? நின்று போவதற்கு முன்னாலேயே அதனுடைய சத்தம் மாறுமாம். அந்த மாற்றத்தை ஒரு சின்னப் பெட்டி கேட்டுச் சொல்லிவிட்டால், முன்கூட்டியே பேரிங்கை மாற்றிக்கொள்ளலாமாம். அதுதான் அவள் ஆராய்ச்சி. கம்பெனியில், வேலை கெடாமல் படித்துக்கொள் என்று அனுமதி கொடுத்தார்கள். சனிக்கிழமையானால் காலேஜ்.

நான் தடுத்தேனா? ஒரு நாள் தடுத்தேனா? அவள் காலேஜுக்குக் கிளம்பும்போது வாசல் வரைக்கும் போய், "வர்ற வழியில புளி வாங்கிட்டு வா கண்ணு, அப்படியே என் கண்ணாடிக்கு ஒரு ஸ்க்ரூ போட்டுட்டு வந்துரு" என்று சொல்லி அனுப்புவேன். படிக்கிற பிள்ளைக்கு வீட்டு ஞாபகம் விட்டுப் போகக் கூடாதில்லையா? ஞாயிற்றுக்கிழமையானால் ஒரம்பரை, சொந்தபந்தம் எல்லாம் வருவார்கள். நான்தான் கூப்பிடுவேன். என் மருமகள் டாக்டருக்குப் படிக்கிறாள், வந்து பாருங்க என்று கூப்பிட்டால், வருகிறவர்கள் சாப்பிடாமலா போவார்கள்? அவளுக்குப் பெருமை சேர்க்கத்தான் கூப்பிட்டேன்.

நான் கொஞ்சம் பேசுவேன். அதை ஒத்துக்கொள்கிறேன். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் பரணிக்குத் திருப்பூரில் வேலை, வீடு திரும்ப நேரமாகும். பகல் முழுக்க அந்த வீட்டில் நானும் சுவரும். சாயங்காலம் பொழுதோட அவள் வந்து செருப்பைக் கழற்றும்போதே, பகலில் சேர்த்து வைத்ததை எல்லாம் சொல்ல வேண்டாமா? அவள் நடு அறையில் மேசைக்கு முன்னால் உட்காருவாள். நான் எதிரில் உட்காருவேன். அவள் ஒருநாள் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் கோபப்படவில்லையே! கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கொஞ்சம் சத்தமாகப் பேசினேன். காதில் பஞ்சு வைத்துக்கொண்டாள். பஞ்சு வைத்தால் காதுக்குள் சீழ் பிடிக்கும் என்று நானே எடுத்து விட்டேன். மொட்டை மாடிக்குப் போனாள். முழங்கால் வலியோடு டீ எடுத்துக்கொண்டு நானும் ஏறிப் போனேன். எத்தனை மாமியார் அப்படி ஏறுவார்கள், சொல்லுங்க?

என் மகன்தான் ஒருதரம், "அம்மா, கொஞ்ச நேரம் சும்மா இரேன்" என்றான். ரெண்டு வேளை சாப்பிடவில்லை நான். அதற்குப் பிறகு அவன் வாயைத் திறக்கவில்லை.

இப்படியே வருஷம் போயிற்று. ஒருநாள் அவள் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள், காலேஜிலிருந்து போன். மாவுக் கையோடு காதில் வைத்தாள். கேட்டுக்கொண்டே அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கொடுத்த கெடு முடிந்து, கேட்டு வாங்கின நீட்டிப்பும் முடியப் போகிறதாம். ஆடி கடைசிக்குள் தீசிஸை எழுதிக் கொடுக்காவிட்டால் பதிவே ரத்து. அத்தனை வருஷமும் தண்ணீரில் போட்ட மாதிரி. இன்னொரு தடவை கம்பெனியும் அனுப்பாது. சோதனை எல்லாம் கம்பெனியிலேயே முடித்து வைத்துவிட்டாளாம். எழுத வேண்டியதுதான் பாக்கியாம். பகலில் வேலை. பொழுதோட மூணு மணி நேரம் அமைதி கிடைத்தால் எழுதிவிடலாமாம்.

நான் ஆறுதல் சொன்னேன். "விட்டுத் தள்ளு கண்ணு. பட்டம் இல்லேன்னா சோறு இறங்காதா? பழனாத்தா மகளுக்கு என்ன ஆச்சு தெரியுமா..." என்று ஆரம்பித்து, மனசு லேசாகட்டும் என்று அந்தக் கல்யாணச் சண்டையை முழுக்கச் சொன்னேன். அவள் அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. கழற்றிப் போட்ட மோட்டாரைப் பார்ப்பார்களே, எந்தத் திருகை எந்தப் பக்கம் திருப்பலாம் என்று, அந்த மாதிரி.

இருங்க, கண்டக்டர் தம்பி எதையோ பண்ணுகிறார். என்ன தம்பி? ஜன்னல் கண்ணாடி லூசா? அதுதான் டக்கு டக்கா? சரி சரி, காகிதத்தை மடித்துச் செருகு. நின்று போச்சு பாருங்க. ஆனால் பேரிங்கும் போயிருக்கு, அம்மிணி. கண்ணாடிச் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது. இவர்களுக்குக் கேட்காது.

எங்கே விட்டேன்? ஆங், மோட்டார். அடுத்த வாரம் கம்பெனி வண்டியில் ஒரு மோட்டார் வந்து இறங்கியது. பம்ப் இல்லாத வெறும் மோட்டார். பலகையில் முடுக்கி, அடியில் ரப்பர் வைத்து, நடு அறையில் சோபாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். காதில் மாட்டுகிற ஒன்று, ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி, அதில் ஒரு பட்டன், ஒரு மைக்கு.

"அத்தை, உங்களால ஒரு ஒத்தாசை ஆகோணுங்க."

"சொல்லு கண்ணு."

"உங்க காது மாதிரி காது எங்க கம்பெனியில ஒருத்தருக்கும் இல்லீங்க. மூணாவது வீட்டுக் குக்கர் எத்தனை விசில் விட்டுச்சுன்னு இங்கிருந்தே சொல்றீங்க. பால்காரர் சந்து திரும்பறதுக்கு முந்தியே பாத்திரத்தை எடுக்கறீங்க."

"இத்தனை வருசம் கழிச்சு இப்பத்தான் தெரிஞ்சுதாக்கும்?"

"லேட்டாத்தான் தெரிஞ்சுதுங்க. மன்னிச்சுக்கோங்க. இதைக் காதுல மாட்டிட்டு, பொழுதோட ஆறு மணியிலிருந்து ஒம்போது வரைக்கும் மோட்டார் சத்தத்தைக் கேக்கோணும். மாறுற மாதிரி இருந்தா பட்டனை அழுத்தோணும். அவ்வளவுதான். ஆனா ஒண்ணுங்கத்தை, பேசக் கூடாது. மைக்குல மனுசக் குரல் விழுந்துச்சுன்னா அன்னிக்கு எடுத்தது பூராவும் வீணாப் போயிரும்."

"ஒரு வார்த்தைகூடவா?"

"ஒரு 'ம்' கூடக் கூடாதுங்க."

"அவசரம்னா?"

"கையைத் தட்டுங்க. கைதட்டுன்னா கழிச்சுக்கலாம்."

எவ்வளவு நுணுக்கம் பாருங்க! கைதட்டைக் கழிக்கலாம், குரலைக் கழிக்க முடியாது.

முதல் நாள் நாக்கு வாய்க்குள் கிடந்து புரண்டது. விக்கல் வேறு வந்துவிட்டது. காதில் மாட்டினதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புறக்கடைக்கு ஓடி, விக்கி முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அவள் மேசையில் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே இருந்தாள். மோட்டார் சத்தம் இடைஞ்சலாக இல்லையா என்று ஒன்பது மணிக்கு மேல் கேட்டேன். "அது எனக்குத் தாலாட்டு மாதிரிங்க அத்தை, ஒரே சீரா இருக்குமில்லீங்களா" என்றாள்.

ரெண்டாம் வாரத்தில் எனக்குப் பிடிபட்டுவிட்டது. ஒரே சத்தம் என்று நினைப்பீங்க. இல்லை. அதற்குள் ஒரு முனகல் இருக்கும், ஒரு சிலும்பல் இருக்கும், கரண்டு குறைந்தால் ஒரு ஏக்கம் வரும். பகல் முழுக்க நான் மட்டும் பேசிக்கொண்டிருந்த வீட்டில், பொழுதோட எனக்கு எதிரில் உட்கார்ந்து ஒன்று விடாமல் பேசிற்று அந்த மோட்டார். நான் பட்டனை அழுத்தினால் சிவப்பு லைட் எரியும். அவள் திரும்பிப் பார்க்க மாட்டாள். இடது கையை மட்டும் தூக்கிக் கட்டை விரலைக் காட்டுவாள். திரும்பிக்கூடப் பார்க்காத அளவுக்கு என் மேல் நம்பிக்கை!

பொறுப்பு வந்த பிறகு சும்மா இருக்க முடியுமா? ஆறு மணிக்கு மேல் யாரும் வீட்டுப் பக்கம் வரக் கூடாது என்று ஒரம்பரை அத்தனை பேருக்கும் போன் போட்டுச் சொன்னேன். நம் வீட்டு டிவிக்கு உறை மாட்டிவிட்டேன். என் சீரியலில் யார் யாரைக் கட்டினார்கள் என்று எனக்கு இன்று வரை தெரியாது. பக்கத்து வீட்டுக்காரியிடம், சட்னியை ஆறு மணிக்கு முன்னால் அரைத்துக்கொள் என்றேன். "இதென்னங்க அநியாயம்?" என்றாள். "அநியாயம் இல்லை, ஆராய்ச்சி" என்றேன்.

பழனாத்தாள் மட்டும் சொன்னதைக் கேட்காமல் ஒருநாள் முறுக்கு டப்பாவோடு வந்து நின்றாள். நான் உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். அவள் ஜென்மத்தில் என்னை அப்படிப் பார்த்ததில்லையே, பயந்துபோய் உட்கார்ந்துவிட்டாள். ஒன்பது மணிக்கு நான் காதிலிருந்து கழற்றினதும் சொல்கிறாள், "ஏனக்கா, அந்தப் பொட்டியிலிருந்து போற வயரு சோபாவுக்கு அடியில சும்மா கிடக்குது. எதுலயும் மாட்டலை. உன் வாயை அடைக்கத்தான் உன் மருமக காதை அடைச்சிருக்கறா."

"இப்ப எல்லாம் வயர் இல்லாமயே போகுது. உன் வீட்டு டிவி மாதிரி நெனச்சியா, தலையில தட்டினாத்தான் படம் வரும்னு?" என்றேன். முறுக்கு டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

குனிந்து பார்த்தீங்களா என்று கேட்கிறீங்க. நான் ஏன் குனிந்து பார்க்கணும்? அந்தச் சோபாவுக்கு அடியில் இன்று வரை நான் பார்த்ததில்லை. பெருக்கும்போதுகூட அந்த ஓரத்தை விட்டுவிடுவேன். ஆராய்ச்சி நடக்கிற இடம் அது.

ஆடி வந்தது. எங்கள் தெரு முனையில் மாரியம்மன் கோயில். வருஷா வருஷம் ஒலிபெருக்கிக் குழாயை எங்கள் வீட்டுக்கு எதிர்க் கம்பத்தில்தான் கட்டுவார்கள். அந்த வருஷமும் கட்டினார்கள். பொழுதோட ஆறு மணிக்குப் பாட்டுப் போட்டதும் என் காதில் மோட்டாரே இல்லை. வாணி தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆடி முடியப் போகிறது, கடைசி அத்தியாயம் பாக்கி. நான் கழற்றி வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

விழாக் கமிட்டிக்காரர்கள் ஏழெட்டுப் பேர் கம்பத்தடியில் நின்றார்கள். "பாட்டை நிறுத்த வேண்டாம், குழாயைத் தெருவுக்கு அந்தப் பக்கமாத் திருப்புங்க" என்றேன்.

"ஏனுங்கம்மா, ஆத்தாளுக்குப் பாட்டு வேண்டாமுங்களா?"

"ஆத்தா கிழக்க இருக்கறா. நீங்க என் வீட்டைப் பாத்து வெச்சிருக்கறீங்க."

"எத்தனையோ வருசமா இங்கதானே கட்டறோம்? இப்ப என்ன புதுசா?"

"என் வீட்டுல ஆராய்ச்சி நடக்குது."

ஒருத்தன் சிரித்தான். "யாருங்க விஞ்ஞானி? நீங்களா?"

"ஆமா, நான்தான்" என்றேன்.

எதிர்க் கடையில் ஒரு சேர் கிடந்தது. எடுத்து வந்து கம்பத்துக்கு அடியிலேயே போட்டு உட்கார்ந்தேன். காது கிழிகிற சத்தம். ஏணியைக் கொண்டுவந்து, குழாயைக் கிழக்கே திருப்பிக் கட்டுகிற வரைக்கும் நான் எழுந்திருக்கவில்லை. பரணி வந்து கையைப் பிடித்து இழுத்தான். "போடா, போய்ச் சாப்பிடு" என்றேன். அன்றைக்கு வாணி என்ன எழுதினாளோ தெரியாது, விடாமல் எழுதினாள். ஆடி முடிவதற்குள் தீசிஸைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். மோட்டாரும் கம்பெனி வண்டியில் திரும்பிப் போயிற்று. ஏறும்போது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அப்புறம் பல மாதம் கழித்து அதற்கு ஒரு வாய்மொழித் தேர்வு. வைவா என்கிறார்கள். பொதுவில் நடக்குமாம், வெளி ஆட்களும் வந்து உட்காரலாமாம்.

"யாரு வேணும்னாலும் கேள்வி கேக்கலாமா கண்ணு?"

"கேக்கலாமுங்க. விதியே அப்படித்தான்" என்றாள். சொல்லிவிட்டு ஏனோ நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

வருகிறவர்களுக்குச் சமோசாவும் பாதாம் பாலும் நாங்கள்தான் ஏற்பாடு செய்யணும். அது அங்கே வழக்கம். நான் கல்யாணப் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டேன். என் பெயரைச் சொல்லும்போது கேட்கட்டும் என்று பழனாத்தாளையும் கூட்டிப் போனேன். முதல் வரிசையில் உட்கார்ந்தோம். குளிர் மெஷின் போட்ட பெரிய ஹால். மேடையில் வாணி. ஓரத்தில் அவளுடைய கைடு. வெளியூரிலிருந்து ஒரு சார் வந்திருந்தார், அவர்தான் பட்டம் கொடுக்கலாமா கூடாதா என்று சொல்கிற ஆள். சிரிக்காத முகம்.

வாணி இங்கிலீஷில் பேசினாள். திரையில் படம் படமாக வந்தது. கம்பெனி வந்தது, கிணறு வந்தது, வரிசையாக மோட்டார் வந்தது. எங்கள் நடு அறை வரும், என் பட்டன் வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை. கடைசியில் நன்றி என்று போட்டு முடித்துவிட்டாள். பழனாத்தாள் என் இடுப்பில் இடித்தாள், "உன் பட்டனை எங்கக்கா காணோம்?"

எனக்கும் அதே கேள்விதான், அம்மிணி. பொய் சொல்ல மாட்டேன்.

வெளியூர் சார் மைக்கில், "பொதுமக்கள் யாராவது கேள்வி கேட்க விரும்பினால் கேட்கலாம்" என்றார். யாரும் எழவில்லை. நான் எழுந்தேன்.

"நான் கேக்கறேனுங்க."

அந்தக் குளிரிலும் வாணிக்கு நெற்றியில் வேர்த்துவிட்டது. மேடை லைட்டுச் சூடு அப்படி.

"மூணு மாசம் தினம் பொழுதோட ஒரு ஆளு மோட்டார் சத்தத்தைக் காதுல கேட்டு, மாறினப்ப எல்லாம் பட்டனை அழுத்துச்சு. அந்தக் கணக்கு இந்தப் புத்தகத்துல எந்தப் பக்கத்துல இருக்குதுங்க?"

அந்த சார் முகம் சுருங்கியது. புத்தகத்தைப் புரட்டினார். கைடைப் பார்த்தார். கைடு கையை விரித்தார். "இப்படி ஒரு சோதனை நடந்ததா?" என்று வாணியைக் கேட்டார், எனக்கும் புரியட்டும் என்று தமிழிலேயே. "நடந்திருந்தால் ஏன் எழுதவில்லை? முடிவு ஒத்து வரவில்லை என்று மறைத்துவிட்டீர்களா? அப்படியென்றால் என்னால் இதற்குக் கையெழுத்துப் போட முடியாது."

பட்டத்தை நிறுத்தவா நான் கேட்டேன்? ஆனால் கேட்டது தப்பு என்று சொல்ல மாட்டேன். கேட்கலாம் என்றுதானே விதி?

வாணி கையில் இருந்ததைக் கீழே வைத்தாள். மேடை முன்னால் வந்தாள். அந்த சாரைப் பார்த்து இங்கிலீஷில் சொன்னாள், நிதானமாக, நெடுநேரம். நடுவில் அத்தை என்ற ஒரு வார்த்தைதான் எனக்குப் பிடிபட்டது. என்னைக் காட்டினாள், தன் காதைக் காட்டினாள், கதவைச் சாத்துகிற மாதிரி காட்டினாள். குழாயைத் திருப்புகிற மாதிரிகூடக் காட்டினாள். கைடு தலையைக் குனிந்துகொண்டார், அவர் தோள் குலுங்கிற்று. பின்னாலிருந்து ஒரு சிரிப்பு. அப்புறம் ஹால் முழுக்கச் சிரிப்பு. சிரிக்காத முகமும் சிரித்தது, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். எதற்குச் சிரித்தார்கள் என்று கேட்காதீங்க. சந்தோஷம்தான். படித்தவர்களுக்குச் சந்தோஷம் வந்தால் சிரிக்கத்தான் தெரியும்.

அப்புறம் வாணி என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள். "நீங்க கேட்டது சரியான கேள்விங்க அத்தை. இந்தப் பக்கம்னு தனியா ஒண்ணைக் காட்ட முடியாதுங்க. அந்த மூணு மாசம் நீங்க அப்படி உக்காரலேன்னா இதுல ஒரு பக்கமும் இல்லீங்க."

ஒரு பக்கமும் இல்லை! அத்தனை பேர் முன்னால்! பழனாத்தாளைத் திரும்பிப் பார்த்தேன். சமோசாவைத் தின்றுகொண்டிருந்தாள்.

வெளியூர் சார் எழுந்து நின்று என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "அந்த மோட்டாரைக் கொஞ்ச நாளைக்கு எங்க வீட்டுக்கும் தர முடியுமாம்மா?" என்று வாணியிடம் கேட்டார். அவ்வளவு பெரிய மனுஷருக்கே அந்த மோட்டார் தேவைப்படுகிறது, பார்த்துக்கொள்ளுங்க. பட்டத்துக்கு அங்கேயே சம்மதம் சொல்லிவிட்டார்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்தது. அந்த சார் உட்காரப் போனவர், என்னைப் பார்த்து, "அம்மா, உங்க அனுபவத்தை நீங்களே நாலு வார்த்தை சொல்லுங்களேன்" என்று மைக்கை என் பக்கம் நீட்டச் சொன்னார். விடுவேனா? முந்தானையை இழுத்துச் செருகினேன். மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டேன். வாணியைப் பெண் பார்க்கப் போன நாளிலிருந்து ஆரம்பித்தால்தான் முறையாக இருக்கும் என்று வாயைத் திறந்தேன்.

மேடையில் இருந்தபடியே வாணி என் கண்ணைப் பார்த்தாள். அந்த மைக்கில் ஒரு சிவப்பு லைட் எரிந்துகொண்டிருந்தது. ஒரு விரலால் அதைக் காட்டினாள். இன்னொரு விரலை உதட்டில் வைத்தாள்.

வேலை தெரிந்தவள் நான். மூச்சுகூட விடாமல் உட்கார்ந்தேன். அவள் இடது கையைத் தூக்கிக் கட்டை விரலைக் காட்டினாள்.